முதலில் வாய் திறந்தவன்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, அண்ணன், அண்ணி, குழந்தை எல்லோரும் சுகமாக இருக்கிறோம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய் என்று எடுத்துக்கொண்டேன். லேசாகச் சளி பிடித்தாலே நாளுக்கு நாலு தடவை போன் செய்கிறவள் நீ, இப்போது வாரக் கணக்கில் சத்தமே இல்லை என்றால் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனதுக்குத்தான் ஏதோ என்று அர்த்தம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ இரண்டு பதில் சொல்லிவிடுகிறாய், கடைசியில் நான் சொல்ல வந்தது எனக்கே மறந்துபோகிறது. தாளில் யாரும் குறுக்கே பேச முடியாது. பொறுமையாகப் படி, நடுவில் கோபம் வந்தால் வைத்துவிட்டு அப்புறம் எடுத்துப் படி, கிழித்துப் போட்டுவிடாதே.

முதலில் வீட்டு விஷயம். அப்பாவின் முழங்காலுக்கு நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அப்பாவும் இத்தனை நாள் தவறாமல் நடந்தார், டீக்கடை வரைக்கும். அங்கே உட்கார்ந்து ஊர் வம்பை எல்லாம் கேட்டு முடித்துவிட்டு யாருடைய வண்டியிலாவது பின்னால் ஏறி வீடு திரும்புவார், கேட்டால் போகும்போது நடந்தது கணக்கில் வராதா என்று என்னிடமே சண்டைக்கு வருவார். குழந்தைக்கு முன்பல் விழுந்துவிட்டது, பேசினால் நடுநடுவே விசில் வருகிறது, அதில் அதற்கு ஒரே பெருமை. தண்ணீர் மோட்டார் மறுபடி மக்கர் செய்தது, அண்ணனே பிரித்து மாட்டினான், ஒரு திருகு மிச்சமாகக் கையில் நிற்கிறது, ஆனாலும் ஓடுகிறது. உன் அறையில் மேற்கூரை ஒழுகியதால் உன் பழைய புத்தகங்களை எல்லாம் மீன் பெட்டி ஒன்றில் எடுத்து வைத்திருக்கிறேன். பெட்டியை நன்றாகத் தேய்த்துக் கழுவித்தான் வைத்தேன், இருந்தாலும் கொஞ்சம் வாடை இருக்கும், வந்து பார்க்கும்போது முகத்தைச் சுளிக்காதே. மீன் வாடை ஆகாது என்று ஏலக் கூடத்து வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று, என்னிடம் பள்ளிக்கூடத்துக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓடியவள் நீ. உனக்குப் போய் கடலைக் காப்பாற்றும் ஆபீசில் வேலை கிடைத்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. உனக்கு வேலை கிடைத்த அன்றைக்கு அண்ணன் தன் படகில் இருந்தவர்களுக்கு எல்லாம் இனிப்பு வாங்கிக் கொடுத்து, எங்க சின்னவதான் இனிமே கடலுக்கு அதிகாரின்னு சொல்லிக்கொண்டு திரிந்தான். அதை ஞாபகம் வைத்துக்கொண்டு மேலே படி.

நம் கரைக்கு எதிரே ஆற்று முகத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரைக்கும் கடலை மூடப்போகிறீர்கள், உள்ளே வலை போடக் கூடாது, மீன் முட்டையிட்டுப் பெருகட்டும் என்கிற திட்டம் உன் மேசையிலிருந்துதான் வந்தது என்று எனக்குத் தெரியும். அது அங்கிருந்து எப்படிக் கிளம்பியது என்பது உனக்குத் தெரியும். இங்கே எப்படி வந்து இறங்கியது என்பது உனக்குத் தெரியாது. சட்டம் எங்களுக்குப் புதிது இல்லை. முதலில் வலைக் கண்ணுக்கு அளவு வைத்தார்கள், எல்லோரும் கத்தினார்கள், அப்புறம் பழகிவிட்டது. பிறகு இத்தனை மாதம் கடலுக்கே போகக் கூடாது என்றார்கள், அதற்கும் கத்தினார்கள், அதுவும் பழகிவிட்டது, இப்போது அந்த மாதங்களில்தான் தெருவில் எல்லார் வீட்டுக் கதவுக்கும் பெயிண்ட் ஏறுகிறது. பிறகு கிழிந்த வலையைக் கடலில் போடக் கூடாது என்று சொல்லி, கரையில் அதற்கென்று ஒரு கூண்டு வைத்தார்கள், அதில் வலையைத் தவிர மற்ற எல்லாமே கிடக்கிறது. இந்தச் சட்டமெல்லாம் நல்லதா கெட்டதா என்று என்னைக் கேட்டால் எனக்கு ஒரு பக்கமாகச் சாயத் தெரியாது. ஏலம் விடுகிறவளின் வேலை அப்படி. பெட்டியில் இருப்பதைச் சொல்ல வேண்டும், அதைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று சொல்லக் கூடாது. பெட்டியில் இருப்பதைச் சொல்கிறேன். களவாய் என்கிற பெரிய மீனைப் பெட்டியில் போட்டால் ஒரு காலத்தில் வால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், மூடி மூடாது. இப்போது தலை முதல் வால் வரைக்கும் உள்ளேயே வசதியாகப் படுத்துக்கொள்கிறது, இன்னொன்றுக்கும் இடம் விட்டு. இது கூடத்தில் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

கூடத்துக்குள் நீ காலே வைக்காததால் எங்கள் ஏலம் நடக்கிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதி புரியாது. மற்ற இடங்களில் விலை ஏறும், இங்கே விலை இறங்கும். நான் பெட்டி மேல் ஏறி நின்று உச்சியில் ஒரு விலை சொல்வேன், யாரும் பேசமாட்டார்கள். ஒவ்வொரு விலையையும் மூன்று தடவை சொல்லிவிட்டுக் கொஞ்சம் இறக்குவேன், அப்போதும் பேசமாட்டார்கள். இறங்கி இறங்கி வரும்போது எவன் முதலில் எனக்கு என்று சொல்கிறானோ அவனுக்கு அந்த விலையில் அந்தப் பெட்டி. நான் மரக்கட்டையால் மேசையில் ஒரு தட்டு தட்டிவிட்டால் முடிந்தது, சொன்ன வாயைத் திருப்பி எடுக்க முடியாது. யாருமே சொல்லாவிட்டால் அந்த மீன் காயப்போடப் போய்விடும். அதனால் முதலில் வாய் திறக்கிறவன் நஷ்டப்படுகிறவன் என்பது இங்கே எல்லாருக்கும் பால் குடிக்கும்போதே தெரிந்துவிடும். வாங்குகிறவன் முந்திக்கொண்டு பேசமாட்டான், விற்கிறவன் பேசவே கூடாது. பேசாமல் இருப்பதற்கு என்று பழகிய ஊர் இது.

இப்படிப்பட்ட கூடத்துக்குத்தான் உங்கள் ஆபீசர் கருத்துக் கேட்க வந்தார். மழையோ வெயிலோ கையில் குடை இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது, அதனால் குடை சார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். நல்ல மனிதர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எடை மெஷின் மேல் வரைபடத்தை ஒட்டிவைத்து, கலங்கரை விளக்கம் வரைக்கும் மூடலாம் என்று இருக்கிறோம், யாருக்காவது ஆட்சேபனை உண்டா என்று மைக்கில் கேட்டார். கூடம் கப்சிப். மறுபடி கேட்டார், எல்லோரும் தரையைப் பார்த்தோம். எல்லாருடைய மனதிலும் ஒரே கணக்குதான், இது முதல் விலை, இன்னும் இறங்கப்போகிறார், இப்போது எவனாவது அவ்வளவு வேண்டாம், அதுக்கு இந்தப் பக்கத்தோட நிறுத்திக்கோங்கன்னு சொன்னால் அது அவன் தலையில்தான் விடியும். அவர் மூன்றாம் தடவை கேட்டுவிட்டு, முகமெல்லாம் மலர்ந்து, ரொம்ப நன்றின்னு கும்பிட்டுவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். நாங்கள் யாரும் அசையவில்லை. விற்கிறவன் கோபித்துக்கொண்டு போகிற மாதிரிப் போய்விட்டுத் திரும்பி வந்து விலையை இறக்குவது பழைய தந்திரம்தானே, டீ குடித்துவிட்டு வருவார் என்று உட்கார்ந்திருந்தோம். நானும்தான் உட்கார்ந்திருந்தேன், எனக்கு மட்டும் தனி மூளையா இருக்கிறது. பொழுது சாயத் தொடங்கிய பிறகுதான் ஒருவர், இவர் நிஜமாவே போயிட்டாரு போலிருக்கேன்னு மெதுவாகச் சொன்னார்.

அவர் ஒரு வார்த்தைகூட எதிர்ப்பில்லை என்று மேலே எழுதிவிட்டார். துறைமுகத்து அறிவிப்புப் பலகையில் வரைபடத்தோடு ஒட்டினார்கள். அண்ணன் கடலிலிருந்து வந்து அதைப் பார்த்தபோது கையில் இன்னும் வலை இருந்தது. சிவப்புக் கோட்டுக்குள் கூன் பாறை இருக்கிறது. கூன் பாறை உங்கள் வரைபடத்தில் ஒரு எண்ணாகத்தான் இருக்கும். தண்ணீருக்கு அடியில் கூன் விழுந்த முதுகு மாதிரி இருக்கிற அந்தப் பாறையைச் சுற்றித்தான் இத்தனை வருஷமாக அவன் வலை போட்டுக்கொண்டிருக்கிறான், அவனே தேடிக் கண்டுபிடித்த இடம், இந்த வீட்டு அடுப்பு எரிவது அதிலிருந்துதான். அவன் பலகையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் நுழைகிறான், உன் போன் வருகிறது. ஊரே ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலையாமே அண்ணா, எனக்கு ரொம்பப் பெருமையா இருக்கு, நீதான் எல்லார்கிட்டயும் சொல்லி வச்சியான்னு நீ கேட்டிருக்கிறாய். நீ சந்தோஷத்தில்தான் சொன்னாய், குத்திக் காட்டவில்லை, அது எனக்குத் தெரியும். அவனுக்குக் குத்திவிட்டது. உங்க ஆபீஸ்ல காதுன்னு ஒண்ணு கிடையாதான்னு கேட்டுவிட்டு வைத்துவிட்டான். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. தப்பு அவன்மேல், அவனே பேசட்டும் என்று நீ என்னிடம் சொன்னாய். அடுத்த நாள் அவனும் வார்த்தை மாறாமல் அதையே சொன்னான். நான் இரண்டு பேருக்கும் நடுவில் தபால் பெட்டி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு இங்கே நடந்ததுதான் உனக்குத் தெரியாதது. மீனவர் சங்கத்துக்காரர்கள் குடை சாரிடம் போய்ச் சத்தம் போட்டார்கள். நீங்க யாருமே பேசலையேன்னு அவர் சொல்ல, நீங்க இறங்கவே இல்லையேன்னு இவர்கள் சொல்ல, இரண்டு பக்கமும் திருதிருவென்று விழித்திருக்கிறார்கள். கடைசியில் அவர் என்னிடம் வந்தார். நான் டீ போட்டுக் கொடுத்து, இப்போது உனக்குச் சொன்ன மாதிரியே கூடத்தின் வழக்கத்தைச் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார், அப்புறம் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் பிறந்த ஊரில் பேசாமல் இருந்தால் சம்மதமாம். மறுபடி ஒரு கூட்டம் வைக்க விதியில் இடம் இருக்கிறது, இந்தத் தடவை நீங்களே நடத்துங்கம்மா, அவங்களுக்குத் தெரிஞ்ச மாதிரியே நடத்துங்க என்றார். நான் சொன்னேன், நடத்துகிறேன், ஆனால் கூடத்துச் சட்டம்தான், எந்த இடத்தில் முதல் வாய் திறக்கிறதோ அங்கே தட்டிவிடுவேன், அப்புறம் நீங்களே கேட்டாலும் மாற்றமாட்டேன். அவர் ஒத்துக்கொண்டார். முடிவு எடுப்பது தலைமை ஆபீஸ்தான், ஆனால் கூடம் என்ன சொல்கிறதோ அதை அப்படியே எழுதுவேன், கடைசி வரைக்கும் யாருமே பேசாவிட்டால் உடன்பாடு இல்லை என்று எழுதவேண்டியதுதான், அப்புறம் அந்தக் கோப்பு தூங்கப் போய்விடும் என்றார். கொஞ்சம் வருத்தமாகத்தான் சொன்னார்.

ரெட்டை இன்ஜின்காரரை உனக்கு நினைவிருக்கும், பெரிய இழுவைப் படகு வைத்திருப்பவர், படகில் மட்டும் இல்லை, தொண்டையிலும் இரண்டு இன்ஜின். கூட்டத்துக்கு முந்தின நாள் அவர் டீக்கடையில் எல்லோருக்கும் தன் செலவில் டீ வாங்கிக் கொடுத்தாராம். நடக்கப் போய் உட்கார்ந்திருந்த அப்பா வந்து சொன்னார். போன தடவை தெரியாம வாயை மூடிக்கிட்டு இருந்தோம், இந்தத் தடவை தெரிஞ்சே மூடிக்குவோம், ஒருத்தரும் பேசாதீங்க, இறங்கி இறங்கித் தானா விழுந்துடும்னு சொன்னாராம். எல்லோரும் தலையாட்டினார்களாம். அண்ணனும் ஆட்டினானா என்று கேட்டேன். அப்பா கொஞ்சம் யோசித்து, ஆட்டின மாதிரிதான் இருந்தது, ஆனா அவன் டீயைக் குடிக்கலைன்னு சொன்னார். அப்பாவுக்கு அந்த வீணாய்ப்போன டீதான் கவலை. எனக்கு வேறு ஒன்று ஞாபகம் வந்தது. போன பருவத்தில் ஒருநாள் அண்ணன் கூன் பாறையிலிருந்து கொண்டுவந்த பெட்டிகளை நான் ஏலம் விட்டேன், எல்லாம் வயிறு நிறைந்த சினை மீன், நல்ல விலைக்குப் போனது. அவன் ஓரமாக நின்றான், முகத்தில் சந்தோஷம் இல்லை. வீட்டுக்கு வரும் வழியில், பிரசவ வார்டுக்குள்ள போய் ஆளைப் பிடிச்சிட்டு வர்ற மாதிரி இருக்கும்மா என்றான். அப்படியென்றால் போகாதே என்றேன். நான் போகலேன்னா ரெட்டை இன்ஜின் போவாரு, அவர் என் பின்னாலேயே வந்து இடத்தைப் பாத்துட்டாரு, அவர் ஒரு இழு இழுத்தா பாறையே மொட்டை ஆயிடும்னு சொன்னான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது, எனக்கும் வேறு வேலை இருந்தது.

கூட்டத்தன்று கூடத்தை நன்றாகக் கழுவி விட்டிருந்தார்கள், பிளீச்சிங் பவுடர் வாடை மூக்கைத் துளைத்தது, ஓரமாகக் கொட்டிக் கிடந்த ஐஸ் உருகி வாய்க்காலில் போய்க்கொண்டிருந்தது. குடை சார் குடையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். ரெட்டை இன்ஜின்காரர் கையைக் கட்டிக்கொண்டு தூணில் சாய்ந்து நின்றார். அண்ணன் பின்னால், எடை மெஷின் பக்கத்தில். கடலிலிருந்து பார்த்தால் தெரிகிற அடையாளங்களை வைத்துத்தான் எல்லையைச் சொல்வதாகப் பேச்சு, வரைபடத்து எண்கள் எங்கள் வாயில் நுழையாது. நான் பெட்டி மேல் ஏறி, ஆற்று முகத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரை என்று மூன்று தடவை சொன்னேன். சத்தம் இல்லை. இறக்கினேன், பழைய கிடங்கு வரை. சத்தம் இல்லை. எல்லாருடைய முகத்தையும் மேலிருந்து பார்க்கிறேன், பெட்டி பெட்டியாகச் சின்ன மீன் விற்றவர்கள், வாங்கினவர்கள், அத்தனை பேருக்கும் விஷயம் தெரியும். ஏதாவது ஒரு இடத்தில் நிறுத்தவேண்டும் என்று பாதிப் பேருக்காவது மனதில் இருந்தது, அது முகத்திலேயே எழுதியிருந்தது. ஆனால் அதைப் பக்கத்தில் இருக்கிறவன் சொல்லட்டும் என்று ஒவ்வொருவரும் காத்திருந்தார்கள். இறக்கினேன், ஐஸ் ஃபாக்டரி புகைபோக்கி வரை. இதற்கு அடுத்தது தண்ணீர்த் தொட்டி, அங்கே இறங்கினால் கூன் பாறை கோட்டுக்கு வெளியே வந்துவிடும், அண்ணனுக்கு அவன் இடம் திரும்பக் கிடைத்துவிடும். ரெட்டை இன்ஜினுக்கும்தான். ஐஸ் ஃபாக்டரி என்று ஒரு தடவை சொன்னேன், இரண்டாம் தடவை சொன்னேன், மூன்றாவது சொல்லி முடிக்கவில்லை, பின்னாலிருந்து எனக்கு என்று ஒரு குரல் வந்தது.

இந்தக் கூடத்தில் அவன் குரலை நான் கேட்டதே இல்லை. அவன் விற்கிறவன், பேசக் கூடாதவன், பேசினதும் இல்லை. இருந்தாலும் யார் குரல் என்று தெரியாமல் போகுமா. சின்னவளே, உண்மையைச் சொல்கிறேன், காதில் விழாத மாதிரி அடுத்ததைச் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் இடம் அவனிடமே இருக்கும், குழந்தைக்குச் செருப்பு வாங்குவதிலிருந்து மோட்டாருக்குத் திருகு வாங்குவது வரைக்கும் எல்லாம் பழையபடி நடக்கும். அம்மாவாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன். பெட்டி மேல் நிற்கும்போது நான் யாருக்கும் அம்மா இல்லை. கட்டையை எடுத்துத் தட்டினேன். பெருமையாக இருந்ததா என்று கேட்காதே, பயமாக இருந்தது, கட்டை கொஞ்சம் கோணலாகத்தான் விழுந்தது. தனக்கு ஆகாத விலையில் ஒருவன் முந்திக்கொண்டு வாய் திறக்கிறான் என்றால் அவன் ஏமாளி இல்லை, அந்தச் சரக்கு கையை விட்டுப் போய்விடக் கூடாதே என்று பயந்தவன் என்பது எனக்கு இத்தனை வருஷ அனுபவத்தில் தெரியும்.

கூடம் கொதித்தது. ரெட்டை இன்ஜின்காரர் தூணை விட்டு நிமிர்ந்து, இது இவன் பேசலைய்யா, தங்கச்சி அங்கேருந்து சாவி கொடுத்திருக்கா, பொம்மை இங்க ஆடுதுன்னு கத்தினார். ஆமா ஆமா என்று நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள், அவனோடு ஒரே படகில் போகிறவர்களும் அதில் இருந்தார்கள். நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லை, எங்களுக்குள் பேச்சே கிடையாது, அவளோடு பேசி மாசம் ஆகிறது என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், பாதி வாய் அடங்கியிருக்கும். சொல்லவில்லை. எடை மெஷின் பக்கத்தில் கழற்றிப் போட்ட செருப்பைக் காலால் தேடி மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். குடை சார் எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும் அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடித்திருந்தது, மனிதர் ஒன்றும் பேசவில்லை, நம் கூடத்துப் பழக்கம் அவருக்கும் வந்துவிட்டது போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்தால் அவன் வாசல் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தான். ஏன்டா என்று மட்டும் கேட்டேன். யாரும் சொல்ல மாட்டாங்கம்மா, அடுத்த பேரு வந்துட்டா பாறை வெளியே போயிடும்னு சொன்னான். சரி, இனி எங்கே போவாய் என்றேன். கலங்கரை விளக்கத்துக்கு அந்தப் பக்கம், நடுவுல எல்லாம் மத்தவங்க வலை போடுற இடம், தூரம்தான், போய்ப் பார்க்கலாம் என்றான். உன் தங்கச்சியோடு பேச்சே இல்லை என்பதை ஏன் அத்தனை பேர் முன்னால் சொல்லாமல் வந்தாய் என்று கேட்டேன். குழாயை மூடினான், மூடின குழாயை மறுபடி இறுக்கினான், வீட்டு விஷயம் கூடத்துல எதுக்கும்மா என்றான். அவ்வளவுதான். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான். அண்ணி சில நாளாகத் தட்டைச் சத்தம் வரும்படிதான் வைக்கிறாள், அவளைக் குறை சொல்ல மாட்டேன், எண்ணெய்க்கும் தூரத்துக்கும் கணக்குப் பார்க்க வேண்டியவள் அவள்தான். அப்பா மட்டும் டீக்கடைக்கு நடக்கப் போவதை நிறுத்திவிட்டார், அங்கே மகனைப் பற்றிப் பேசுகிறார்களாம், இப்போது வேறு பக்கமாக நிஜமாகவே நடக்கிறார், கால் கொஞ்சம் தேவலை.

இனி உன் பங்குக்கு வருகிறேன். இதை அம்மா மகளுக்குச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஏலக்காரி ஆபீசுக்குச் சொல்வதாக எடுத்துக்கொள். கோடு உங்கள் தாளில்தான் சிவப்பாக இருக்கிறது, தண்ணீரில் ஒன்றும் தெரியாது. தெரிவதற்கு மிதவை போடவேண்டும், கூன் பாறையைச் சுற்றி முதலில் போடுங்கள். ரோந்துப் படகு ஒன்று நம் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கிறது, இன்ஜினுக்கு ஏதோ சாமான் வரவேண்டும் என்கிறார்கள், அது வருவதற்குள் அதன் மேல் பறவைகள் குடும்பம் நடத்த ஆரம்பித்துவிட்டன. அதை ஓட வையுங்கள். இல்லாவிட்டால் மூடின கடலுக்குள் அண்ணன் போகமாட்டான், ரெட்டை இன்ஜின் போவார், பாறை மொட்டையாகும், ஊர் சிரிக்கும், அவன் கொடுத்தது வீணாகப் போகும். நீங்கள் எந்த மீனைக் காப்பாற்றக் கோடு போட்டீர்களோ அந்த மீனும் இருக்காது. இன்னொன்று, அடுத்த ஊரில் கூட்டம் வைக்கும்போது அந்த ஊரில் பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல், ஊருக்கு ஊர் மாறும். கலங்கரை விளக்கம் வரை வேண்டும் என்று ஆசைப்பட்டாய், ஐஸ் ஃபாக்டரி வரைதான் கிடைத்திருக்கிறது, குறைந்துவிட்டதே என்று மேலதிகாரி யாராவது முகத்தைத் தூக்கினால், அதற்கு ஒருவன் கொடுத்த விலை என்ன என்று எடுத்துச் சொல். சொல்லத் தெரிந்த ஆள் அங்கே நீ ஒருத்திதான்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஏசி காற்று நேரே தலையில் அடிக்கிற நாற்காலியை மாற்றச் சொன்னேனே, மாற்றினாயா. நேரத்துக்குச் சாப்பிடு, கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சாப்பிடாதே, சாப்பிட்டது என்ன என்றே உனக்குத் தெரிவதில்லை. அப்பா தன் ஆசியைத் தனியாக எழுதச் சொன்னார், எழுதியாகிவிட்டது என்று வைத்துக்கொள். குழந்தை உனக்கு ஒரு விசில் அனுப்பியிருக்கிறது, தாளில் எப்படி வைப்பது என்று தெரியவில்லை. எடுத்த வேலை எல்லாம் கைகூடி, யாருடைய வயிற்றெரிச்சலும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

மறக்காமல் ஒன்று செய். பிற்பகலில் அவன் பின்பக்கம் உட்கார்ந்து வலை தைப்பான், போன் பக்கத்திலேயே இருக்கும், அப்போது கூப்பிடு. எடுப்பான், எடுத்துவிட்டு ஒன்றும் பேசமாட்டான், நீ இறங்கி வரட்டும் என்று காத்திருப்பான். நீயும் காத்திருக்காதே. கூடத்தில் அவன் வாய் திறந்துவிட்டான், வீட்டில் நீ திற.

இப்படிக்கு,
உன் அம்மா